எழாத கணினி

சித்தேரி மலையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே தணிகாசலம் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தை நடத்திய செங்கமலத்தம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

வரும் பௌர்ணமியில் தணிகாசலத்துக்குத் தீட்சை கொடுப்பதாக அம்மா சொல்லியிருந்தார். தீட்சை வாங்கியவர்கள் அதற்குப் பிறகு வீட்டோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்வதில்லை. மடத்தின் வழக்கம் அது.

அந்த வாரம் தணிகாசலம் காலைக் கஞ்சியில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார்.

“சாருக்கு என்னமோ ஆயிப்போச்சு,” என்றார் சமையல்காரர் மாதையன். “நாலஞ்சு நாளா பாட்டும் போடறதில்ல.”

பாட்டு என்று அவர் சொன்னது மடத்துப் பாடல்களை. தணிகாசலம் வெறும் பக்தராக வந்துபோன காலத்தில் அவற்றையெல்லாம் பதிவு செய்து, தர்மபுரியில் தன் வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்திருந்தார். மடத்தில் சேர்ந்த பிறகு தினமும் காலையில் அலுவலக அறையில் உட்கார்ந்து, இணையம் வழியாக அந்தக் கணினியை எழுப்புவார். ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். திரும்பவும் அதைத் தூங்க வைத்துவிடுவார். பாட்டு சமையலறையில் ஒலிக்கும். தர்மபுரி வீட்டில் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை.

இப்போது சில நாட்களாக அது எழவில்லை.

அம்மா அலுவலக அறைக்கு வந்தபோது தணிகாசலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஆச்சு?”

“தெரியலம்மா. கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். எழ மாட்டேங்குது.”

“வீட்டுல கரண்ட் இல்லையோ என்னமோ.”

“இருக்கும்மா. வைஃபை பெட்டி பதில் சொல்லுது. கம்ப்யூட்டர் மட்டுந்தான் எழல.”

“பழுதா?”

“இருக்கலாம். எலி ஒயரைக் கடிச்சிருக்கலாம். போன வாரம் இடி இடிச்சுது, அதுல போயிருக்கலாம். இல்லன்னா…”

“இல்லன்னா?”

“கோதை ஆஃப் பண்ணியிருக்கலாம்.”

கோதை அவருடைய ஒரே மகள். பள்ளிக்கூட ஆசிரியை. தாய் இறந்து முதல் வருடத் திவசம் முடிந்த மறுவாரம், தணிகாசலம் பையை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். கோதை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீங்களுமா?” என்று கேட்டாள். அதன் பிறகு அவள் அப்பாவோடு பேசவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அவள் நலமாக இருக்கிறாள், வேலைக்குப் போய் வருகிறாள் என்பதையெல்லாம் தணிகாசலம் தன் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொள்வார்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நீங்க கூப்பிட்டது காதுல விழுந்துச்சுன்னு அது ஒண்ணும் சொல்லாதா?”

“சொல்லாதும்மா. கூப்பிடறது நம்ம வேலை. கேட்டா எழுந்துக்கும். அவ்வளவுதான்.”

“அந்தப் பாட்டையெல்லாம் ஒரே நாள்ல இங்க கொண்டுவந்து வச்சிருக்கலாமே?”

தணிகாசலம் விசைப்பலகையில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

“வச்சிருக்கலாம்.”

“ஏன் செய்யல?”

“தினமும் அது எழுந்தா, வீடு இருக்குன்னு தோணும்மா.”

மாதையன் மூன்று தம்ளர் மோர் கொண்டுவந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு அவரும் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவருக்கும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“தூங்கறப்ப அது நிறைய மின்சாரம் எடுக்குமா?” என்று கேட்டார் அம்மா.

தணிகாசலத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

“ஒண்ணுமே எடுக்காதும்மா. துளியூண்டு. பின்னாடி இன்டர்நெட் ஒயர் சொருகற இடத்துல ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அந்த இடம் மட்டும் முழிச்சிருக்கும். மத்தது பூரா தூங்கும். யார் யாரையோ கூப்பிட்டா கண்டுக்காது. தன்னைக் கூப்பிட்டா மட்டும் எழுந்துக்கும்.”

“நல்ல பொருள்தான்,” என்றார் மாதையன். “எங்க வீட்டுக்காரி, பக்கத்து வீட்டுல குசுகுசுன்னு பேசினாலே எழுந்து உக்காந்துக்குவா.”

அம்மா சிரித்தார். பிறகு மடத்துக் கணினியைக் காட்டினார்.

“இதையும் அப்படித் தூங்க வைப்பீங்களா?”

தணிகாசலம் தூங்க வைத்தார். திரை கறுத்தது. பின்புறம் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. தன் செல்போனிலிருந்து அதைக் கூப்பிட்டார். கணினி எழுந்தது.

“அடேங்கப்பா,” என்றார் மாதையன்.

“திரும்பத் தூங்க வையுங்க.”

வைத்தார். அம்மா எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சை நிறுத்தினார். சிறிது நேரத்தில் பச்சை விளக்கு மங்கி மறைந்தது.

“இப்பக் கூப்பிடுங்க.”

“அதெப்படிம்மா எழும்? சுவத்து சுவிட்சையே நிறுத்திட்டீங்களே.”

“கூப்பிட்டுப் பாருங்க.”

கூப்பிட்டார். திரை இருட்டாகவே இருந்தது.

“இன்னொரு தடவை.”

கூப்பிட்டார்.

“கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க சார். அசந்து தூங்குது போல,” என்றார் மாதையன்.

“யோவ், நீ சும்மா இரு.” தணிகாசலம் செல்போனை மேசைமேல் வைத்தார். “நூறு தடவை கூப்பிட்டாலும் எழாதும்மா. அந்தத் துளி மின்சாரமாவது போய்க்கிட்டே இருக்கணும். அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க சுவிட்சைப் போட்டு வச்சிருக்கணும். இங்கேருந்து நம்மால ஒண்ணும் பண்ண முடியாது.”

அம்மா சுவிட்சைத் திரும்பப் போடவில்லை. வந்து உட்கார்ந்து மோரைக் குடித்தார்.

“உங்க வீட்டுல ராத்திரி சுவிட்ச் எல்லாம் நிறுத்தற பழக்கம் உண்டா?”

“நல்லாக் கேட்டீங்க!” தணிகாசலம் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார். “கரண்ட் ஆபீஸ்காரன் வீடும்மா. படுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு சுத்து வருவேன். டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின், செல்போன் சார்ஜர், ஒண்ணு விடாம சுவத்துல நிறுத்தணும். ரிமோட்டுல நிறுத்தினா நிறுத்தினதா ஆகாதுன்னு கத்துவேன். கோதை சின்னப் பொண்ணு அப்ப. நாற்காலி மேல ஏறி ஏறி ஆஃப் பண்ணுவா. என் சம்சாரம் சொல்லுவா, ‘அப்பனும் மகளுமாச் சேந்து ஒரு நாள் என்னையும் ஆஃப் பண்ணிட்டுப் படுக்கப் போறீங்க’ன்னு.”

“இப்ப?”

“இப்ப அவ என்னைவிட மோசம். தங்கச்சி ஒரு தடவை போய்த் தங்கினா. கொசுவத்தி மெஷினைக்கூடப் போட விடலையாம். வைஃபை பெட்டியையே ராத்திரி நிறுத்திட்டுக் காலையிலதான் போடறாளாம். எங்கயாவது ஒரு பொட்டு வெளிச்சம் எரிஞ்சாப் போதும், எழுந்துபோய் நிறுத்திட்டுத்தான் படுப்பாளாம்.”

“உங்க கம்ப்யூட்டரை அவ உபயோகிப்பாளா?”

“தொடமாட்டாம்மா. அவளுக்குத் தனியா லேப்டாப் இருக்கு. என் ரூமுக்குள்ள போனாலும் பெருக்கித் துடைச்சுட்டு வர்றதோட சரின்னு தங்கச்சி சொன்னா.”

தணிகாசலம் அம்மா நிறுத்திவைத்த சுவிட்சைப் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

“அப்ப அவதான்,” என்றார். “எலியும் இல்ல, இடியும் இல்ல. பழக்கம் அப்படி. ரூமுக்குள்ள போயிருக்கா, பச்சை விளக்கைப் பாத்திருக்கா, ஆஃப் பண்ணிட்டா. இல்ல, பௌர்ணமிக்குத் தீட்சைன்னு தங்கச்சி சொல்லியிருப்பா. அதக் கேட்டுட்டு ஆஃப் பண்ணிட்டாளோ?”

தணிகாசலம் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“ஒரு விதத்துல நல்லதுதானேம்மா? நான் விட முடியாம இருந்ததை அவளே விட்டுட்டா. இனிமே தடை இல்ல. நிம்மதியாத் தீட்சை வாங்கிக்கலாம். இல்லையா?”

“நிம்மதியா இருக்கா?”

தணிகாசலம் தம்ளரை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

“என்னன்னே தெரியலம்மா. காலையில எழுந்தா விட்டுது பாரம்னு இருக்கு. கஞ்சி வாய்க்கிட்ட போனா இறங்க மாட்டேங்குது. கோவத்துல பண்ணாளா, பழக்கத்துல பண்ணாளா, போய்த் தொலைன்னு பண்ணாளா? எதுக்கு ஆஃப் பண்ணான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். பௌர்ணமிக்கு முன்னாடி அது ஒண்ணு தெரிஞ்சுட்டாப் போதும்.”

மாதையன் தம்ளர்களை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

அம்மா சொன்னார்:

“இந்த வாரம் ஆஃப் பண்ணது அவளா, எலியா, எனக்குத் தெரியாது. ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாலும் எழுந்துபோய் நிறுத்தற பொண்ணு, ரெண்டு வருஷமா அந்த ஒரு சுவிட்சை மட்டும் ஏன் விட்டு வச்சிருந்தான்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?”