உல்லம் ஏறாத ஏணி

“மீன் ஏன் வரமாட்டேங்குது?” என்று கேட்டார் அரங்கண்ணல்.

சவுரியம்மாள் கிழிந்த வலையை நூல் போட்டுப் பொத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“போன வருஷமும் இதையேதான் கேட்டீங்க, சார்.”

“போன வருஷமும் நீங்க பதில் சொல்லல, அம்மா.”

சீடருக்கு வயது அறுபத்தாறு. குருவுக்கு நாற்பத்தெட்டு.

சீடர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு கூடையில் மீன் விற்றவள். மூடிய கூடையை மோந்து பார்த்தே, உள்ளே இருப்பது நேற்றைய மீனா, முந்தாநாள் மீனா, விற்கிறவன் புளுகனா என்று மூன்றையும் சொல்லிவிடுவாள்.

சங்கம் அவள் தொடங்கியது. கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் உல்லம் மீனைக் காப்பதுதான் அதன் வேலை.

ஒரு காலத்தில் அந்த ஆற்றில் உல்லம் ஏறும்போது, பெண்கள் மீனைக் கையால் விலக்கிவிட்டுத்தான் குடத்தை அமிழ்த்துவார்களாம். ஒரு தபால்காரர் மீன் முதுகிலேயே கால் வைத்து அக்கரைக்குப் போய்க் கடுதாசி கொடுத்துவிட்டுத் திரும்பினாராம். கடுதாசி நனையவே இல்லையாம்.

பிறகு கதவணை வந்தது. ஒன்பது கண். கண்ணுக்கு ஓர் இரும்புக் கதவு.

உல்லம் நின்றுபோனது.

ஓய்வு பெற்ற மறுமாதம் அரங்கண்ணல் வந்து, தனக்கு மீனைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சவுரியம்மாள் முன் கை கட்டி நின்றார். கதவணையின் ஒன்றாம் கண்ணுக்குப் பக்கத்தில், மீன் தாவித் தாவி மேலே போக முப்பத்திரண்டு படி வைத்து ஓர் ஏணி கட்டினார். ஏணிக்கு நடுவில் குழி தோண்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்தார். ஜன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டார். நாற்காலியில் தாமே உட்கார்ந்தார்.

ஆறு வருஷம்.

பதிவேட்டில் ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் ஒரு முட்டை போட்டார். சங்கம் எதிர்பார்த்த முட்டை அதுவல்ல.

இந்த ஆவணி வெள்ளத்திலும் ஒரு மீன்கூட ஏறாவிட்டால் ஏணியை இடித்துவிடுவோம் என்று மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது. இடிக்கிற அன்று தானும் ஒரு படியில் உட்கார்ந்துகொள்ளப் போவதாக அரங்கண்ணல் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் படி என்று முன்கூட்டியே சொன்னால் அதைக் கடைசியில் இடிக்கச் சொல்வதாக, சங்கத்து டிரைவர் தாவூது ஆறுதல் சொன்னான்.

சவுரியம்மாள் வலை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எட்டு நாளைக்கு ஜன்னலை விடுங்க. சங்கத்து வாசல் மேசையில உக்காருங்க. வர்றவங்க சொல்றதக் கேளுங்க. புத்தி சொல்லக் கூடாது.”

அரங்கண்ணலின் முகம் சுண்டிவிட்டது. காரணம் வாசலில் தொங்கிய போர்டு.

எழுதின பெயிண்டர் உல்லத்துக்குப் போட வேண்டிய ‘ல’வை விட்டுவிட்டு ‘ள’ போட்டுவிட்டார். ‘உள்ளம் பாதுகாப்புச் சங்கம்’ என்று ஆறடி நீளத்துக்கு அது நின்றது. மீனைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் வந்ததில்லை. மனசு சரியில்லாதவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

போர்டைத் திருத்தச் சொல்லி அரங்கண்ணல் வருஷா வருஷம் சண்டை போடுவார். பெயிண்டர் துபாய் போயிருக்கிறார், வரட்டும் என்பாள் சவுரியம்மாள். பெயிண்டர் எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

குரு சொல்லாயிற்றே. போய் உட்கார்ந்தார்.

முதல் நாள் வந்தவர், தன் சேவல் தினமும் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறித்தான் கூவுகிறது, தன்னை ஒரு மனுஷனாக மதிப்பதில்லை என்று ஒரு மணி நேரம் அழுதார்.

இரண்டாம் நாள் வந்த பெண், கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் புருஷன் ஒரு நாள்கூடச் சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போன அரங்கண்ணல் ரசத்தைப் புகழ்ந்தார். அவர் மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் கலியமூர்த்தி வந்தார்.

கதவணையில் கதவுகளை ஏற்றி இறக்குகிற லஸ்கர் அவர். ஆறு வருஷமாக அவர் பாலத்து மேல் நடந்தார், இவர் கீழே குழியில் உட்கார்ந்திருந்தார்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அதற்கு முன்னால் பார்த்திருந்தார்கள்தான். ஆனால் அப்போது அரங்கண்ணலுக்கு எலுமிச்சம்பழம் நிற்கிற மாதிரி மீசை. இப்போது மீசை எங்கே முடிகிறது என்று தெரியாதபடி நெஞ்சு வரை தாடி.

“சோறு எறங்கலீங்க” என்று ஆரம்பித்தார் கலியமூர்த்தி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அதிகாரி வந்தாராம். படம் எடுத்துக்கொள்ளக் கதவணைக்குக் கீழே காய்ந்த மணலில் இறங்கி நின்றாராம். அது தெரியாமல் இவர் ஒன்றாம் கண்ணைத் திறந்துவிட்டாராம். அதிகாரி இடுப்பு வரை நனைந்தார். இடது கால் செருப்பு கடலுக்குப் போனது. மேலே ஏறி வந்து வாய்க்கு வந்தபடி கத்தினார். கலியமூர்த்தியின் மகள் சோற்றுத் தூக்கோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

“‘நான் சொல்ற வரைக்கும் ஒண்ணாம் கண்ணுல கை வைக்காதே’ன்னாருங்க. கதவணை நோட்டுல சேப்பு மையில எழுதியும் வச்சாரு. அப்புறம் ரிட்டையராயிப் போயிட்டாரு. சொல்லவே இல்ல.”

“அதனால?”

“கை வைக்கலீங்க.”

அடுத்தடுத்து வந்த அதிகாரிகள் சிவப்பு மையைப் பார்த்தார்கள். ஏதோ பெரிய விஷயம் போலிருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள்.

“அதுக்குப் பதிலா தண்ணியெல்லாம் அந்தக் கோடியில ஒம்பதாம் கண்ணுல போவுது. தண்ணி எங்க இழுக்குதோ அங்கதானே மீனு வரும்? வெள்ளி வெள்ளியா வந்து அந்த அணையில முட்டி முட்டித் திரும்புதுங்க. பாக்க முடியல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தக் கோடியில எவனோ ஒரு கிறுக்கன் அதுங்களுக்குப் படி கட்டிவச்சுட்டுக் குந்தியிருக்கானாம்.”

அரங்கண்ணல் மேசைக்கு அடியில் தன் இடது காலைப் பார்த்தார்.

புத்தி சொல்லக் கூடாது என்பது உத்தரவு. அவர் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தாடியை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினார்.

கலியமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“உக்காருங்க” என்றார் அரங்கண்ணல். அந்த மனிதரிடம் அவர் ‘ங்க’ போட்டது அதுதான் முதல் தடவை. “சொல்லிட்டேன். கை வைங்க.”

கலியமூர்த்தி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

“எழுதிக் குடுத்துடுங்கய்யா.”

அரங்கண்ணல் கதவணை ஆபீஸுக்குப் போய், தன் சிவப்பு மை எழுத்தைத் தானே அடித்தார். இப்போதைய அதிகாரி, எழுதினவரே வந்து அடித்ததில் நிம்மதியாகி, கீழே கையெழுத்துப் போட்டார்.

மகள் எங்கே என்று அரங்கண்ணல் கேட்டார். கட்டிக்கொடுத்தாயிற்று, வெளியூர் என்றார் கலியமூர்த்தி. போன் போடச் சொன்னார்.

“அம்மா, அன்னிக்கு உங்கப்பா மேல தப்பில்ல. அந்தச் செருப்பு…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “இல்லம்மா. என் மேலதான் தப்பு.”

அந்தச் செருப்பு கிடைத்ததா என்று அவள் விசாரித்தாள்.

திரும்பி வந்து சவுரியம்மாள் முன் நின்றார்.

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“மோந்து பாத்தா மீனுதான் சார் தெரியும். மனுஷன், அவனா கூடையத் தொறக்கணும்.”

மறுநாள் காலை ஒன்றாம் கதவு ஏறியது. எட்டு வருஷத் துரு. அது போட்ட சத்தத்தில் மூன்று ஊர் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின என்று தாவூது சொல்கிறான். தாவூது சொன்னால் ஓர் ஊரைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் நாள் அரங்கண்ணல் ஜன்னலுக்குத் திரும்பினார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக் கலியமூர்த்தியை உட்கார வைத்தார். சவுரியம்மாள் படியில் குந்தினாள்.

கலங்கல் தண்ணீர் கண்ணாடியை உரசிப் போய்க்கொண்டிருந்தது.

வெயில் ஏறிய பிறகு, துலக்கி வைத்த தாம்பாளம் மாதிரி ஒன்று வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றது. வாயைத் திறந்து மூடியது. வாலை ஒரு வீசு வீசி அடுத்த படிக்குத் தாவியது.

கலியமூர்த்தி, பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டார். யார் கை என்று பார்க்கவில்லை.

அரங்கண்ணல் மறு கையால் பதிவேட்டைத் திறந்தார். ஆறு வருஷமாக முட்டை மட்டுமே போட்டுப் பழகிய பேனாவை எடுத்தார். ‘உ’ எழுதினார். அதோடு நின்றுவிட்டது.

“எந்த ‘ல’ போடணும், அம்மா?”

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எது ஏறிச்சோ அதுக்கு உண்டானதைப் போடுங்க, சார்.”