நெருஞ்சித் தண்ணி குடிச்ச கெடா

கேக்கறவங்க காதை நல்லாத் தொடச்சுக்குங்க. கடைசியில ஒரு கேள்வி வருது. பதில் சொல்லாம எந்திரிக்கறவங்க வெத்தலைப் பை எனக்கு.

பாவாத்தா ஆடு மேய்க்கறவ. பட்டியில ரெண்டு காயடிச்ச கெடா. ஒண்ணு அவளுது. அதை வித்துத்தான் ஒழுகற கூரையை மாத்தோணும். இன்னொண்ணு, மகன் காச்சல்ல கெடந்தப்ப நாச்சிமுத்து கருப்பராயனுக்கு நேந்து, வளக்கறதுக்கு இவகிட்ட விட்டது. சாமிக்குப் போறது கொழுகொழுன்னு இருக்கோணும்னு கம்பும் பருத்திக்கொட்டையுமா அனுப்புனாரு. கறி திங்கற சாமி யாருன்னு ஒங்களுக்கே தெரியும். ரெண்டு கெடாவும் ஒரே தொட்டியில தின்னுச்சு.

காயடிச்சதுக்கு அந்தத் தீனி ஆகாது, நீர் போற வழியில கல்லு அடைச்சுக்கும். கருப்பராயன் கோயில் நோம்பி நெருங்கறப்ப ரெண்டும் ஒண்ணா நின்னு முக்குச்சு. ஒரு சொட்டு மூத்திரம் வல்லை. மாட்டு டாக்டரு வெளியூரு, நாளைக்கழிச்சுத்தான் வருவாருன்னாங்க.

பாவாத்தா நீரை எறக்கற நெருஞ்சி முள்ளுச்செடி தேடிப் போனா. மழையில்லாத வருசம். கெணத்து மேட்டுல ஒரு கைப்பிடிதான் சிக்குச்சு. பிரிச்சா ரெண்டுக்கும் பத்தாது.

நாச்சிமுத்து ஓடியாந்தாரு. நேந்த உசுரு பட்டியிலயே செத்தா மகனுக்கு ஆகாதுன்னு அவருக்குப் பயம்.

"அம்மிணி, பொழைக்க வெச்சுரு. பொழைச்சா இது ஒன்னுது. சாமிக்கு நான் வேற புடிச்சுக்கறேன்."

கஷாயம் பூராத்தையும் சாமி கெடாவுக்கே குடுத்தா. கழுத்தை மடியில சாச்சு, கொஞ்சங் கொஞ்சமா வாயில ஊத்துனா. அவளோட கெடா பக்கத்துல நின்னு மொனகுச்சு. அந்தப் பக்கம் அவ திரும்பவே இல்லை.

டாக்டரு வந்து ரெண்டுக்கும் ஒரே கத்தியில கீறிக் கல்லை எடுத்தாரு. சாமி கெடா மூத்திரம் பேஞ்ச வேகத்துல டாக்டரு செருப்பு மெதந்துது. அவளுது ரத்தமாப் பேஞ்சு, பொழுதெறங்க முன்ன செத்துது. வயித்தை அறுத்துப் பாத்தா, மூத்திரப்பை நைஞ்ச துணியாட்டம் கெடக்குது.

இத்தனை அடைப்புக்கு சாமி கெடா மட்டும் எப்படித் தாங்குச்சுன்னு டாக்டரு கேட்டாரு.

"அதுக்கு நெருஞ்சி குடுத்தேனுங். இதுக்குப் பத்தலைங்."

நோம்பியன்னிக்கு நாச்சிமுத்து கயித்தோட வந்தாரு. பொழைக்க வெச்சது டாக்டரு கத்தி, ஒன்ற தண்ணியில்லைன்னாரு.

"அப்ப என்ற கெடாவுக்கு வெச்சது எந்தக் கத்திங் மாமா?"

அவரு கெடா கழுத்துல கயித்தை மாட்டி இழுத்துட்டுப் போனாரு.

கோயில்ல மஞ்சத்தண்ணி ஊத்துனா கெடா ஒடம்பை ஒதறோணும். அதுதான் சாமி ஒத்துக்கிட்டதுக்கு அடையாளம். ஒதறலைன்னா வெட்டக்கூடாது. பூசாரி ஊத்துனாரு. கெடா ஒதறலை. கஷாயம் ஊத்தறப்பத் தொறந்தாப்புல மூஞ்சியைத் தூக்கி வாயைத் தொறந்துச்சு. மறுக்கா ஊத்துனாரு. மறுக்காவும் வாயைத் தொறந்துச்சு. கூட்டம் சிரிச்சுது. பாவாத்தா சிரிக்கலை.

நாச்சிமுத்து சொம்பைப் புடுங்கிக் காதுக்குள்ள ஊத்துனாரு. கெடா ஒதறுச்சு. கொலவை போட்டாங்க. அருவா எறங்குச்சு.

இப்பச் சொல்லுங்க. புடிச்சுக் கொண்டாந்த நாச்சிமுத்துவுதா, மொதல்ல யாருக்கு நேந்தாரோ அந்தக் கருப்பராயனுதா, பாவாத்தாளுதா? அந்தக் கெடா யாருது?

நாச்சிமுத்துவுது இல்லை. சாமிக்கு ஒருக்கா, பாவாத்தாளுக்கு ஒருக்கான்னு ரெண்டு பேருக்குக் குடுத்ததுல அவருக்கு மிச்சம் ஏது? கத்திதான் பொழைக்க வெச்சுதுன்னு சொல்லவும் முடியாது. கத்தி வழியைத்தான் தொறந்துச்சு, அதுவரைக்கும் பையைக் காப்பாத்துனது நெருஞ்சி. மொதப் பாத்தியதை சாமிக்குத்தான், ஒத்துக்கறேன். ஆனா சாமியைக் கேட்டாங்களே, ரெண்டு தடவையும் வேண்டாம்னுச்சே. காதுல ஊத்துனா நானுந்தான் ஒதறுவேன். அதனால கெடா பாவாத்தாளுது. அன்னிக்கு ஊரே தின்னது அவ கெடாவை. அவ வீட்டுக்கும் ஒரு கூறு குடுத்து விட்டாங்க. செத்துப்போன தன் கெடாவைப் பொதைச்ச குழிப் பக்கத்துலயே அந்தக் கறியையும் பொதைச்சா.