பின்வழியை மூடிய சிப்பிச் சுவர்

குளக்கரை வரப்பில் வளை தோண்டி ஒரு வயல் எலிக் குடும்பம் வாழ்ந்தது. ஆண் எலி கருவாலன், பெண் எலி செம்பி, கண் திறந்து மூன்றே நாளான ஐந்து குட்டிகள். அறுவடை முடிந்து வயல் மொட்டையாகிவிட்டதால், சாரைப்பாம்பு ஒன்று பட்டப்பகலிலேயே வரப்போரம் இரை தேடித் திரிந்தது.

அந்த நினைப்பில் செம்பிக்குத் தூக்கமே இல்லை. கருவாலனுக்கோ வேறு கவலை.

“அக்கரைப் பெருச்சாளி வீட்டைப் பார்த்தாயா? சுவரெல்லாம் சிப்பி மினுங்குது! குட்டிகளைப் பார்க்க எல்லாரும் வரப்போறாங்க. இந்தப் பொந்துக்குள்ளேயா உட்கார வைப்பது? மானம் போயிடும்!”

மறுநாளே அணில் வரிச்சியை அழைத்து வந்தான். வீடுகளை அழகுபடுத்துவதில் குளக்கரை முழுக்க அவளுக்குப் பெயர்.

வரிச்சி வாலைத் தூக்கிக்கொண்டு வளைக்குள் ஒரு சுற்று வந்தாள்.

“வாசல் மூக்கை இடிக்குது! இரண்டு மடங்கு அகலமாக்குங்க, வெளிச்சம் வரட்டும்.” கடைசியில் இருந்த கூடத்தில் சட்டென்று நின்றாள். “அய்யே! கூடத்துச் சுவரில் யாராவது ஓட்டை வைப்பாங்களா?”

“ஓட்டை இல்லை அக்கா, பின்வழி” என்றாள் செம்பி மெல்ல. “வெளிமுனையில் பொலபொல மண்ணைப் போட்டு மூடியிருக்கோம். சாரை வாசலில் நுழைந்தால், அதை முட்டித் தள்ளிவிட்டு ஓடிடலாம்.”

வரிச்சி சிரித்தாள். “சாரைக்குப் பயந்து ஒரு சுவரையே கெடுக்கணுமா? வந்தால் சரசரவென்று மேலே ஏறிட வேண்டியதுதானே!”

பிறந்தது முதல் மரத்திலேயே வாழ்ந்தவள் அவள். ஆபத்து என்றால் மேலே ஏறுவது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

“எங்களுக்கு மேலே மண்தானே அக்கா இருக்கு?”

“செம்பி, நீ சும்மா இரு! தெரிஞ்சவங்க சொல்றாங்க!” என்று அதட்டினான் கருவாலன்.

செம்பி வாயை மூடிக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. வரிச்சி வாசலை அகலப்படுத்தி, களிமண்ணில் வைக்கோலைப் பிசைந்து பின்வழியை அடைத்தாள். அதன்மேல் சிப்பிகளை வரிசையாகப் பதித்தாள். நான்கு நாள் வெயிலில் வரப்பே சுட்டது. களிமண் கல்லாக இறுகியது.

ஐந்தாம் நாள் நடுப்பகல். கடைசிச் சிப்பியைப் பதிக்க வரிச்சி உள்ளே நின்றிருந்தாள். திடீரென்று வெளிச்சம் மங்கியது.

“அடடா! வாசல் எவ்வளவு தாராளம்! யார் கைவேலை?”

சாரையின் குரல்!

வரிச்சி துள்ளிச் சுவரில் ஏறினாள். கூரையில் தலை மோதிக் கீழே விழுந்தாள். மீண்டும் ஏறினாள், மீண்டும் விழுந்தாள். “மேலே வழி எங்கே? வழி எங்கே?” என்று கிறீச்சிட்டாள்.

கருவாலன் சிப்பிச் சுவரை முட்டினான். “அசையவே மாட்டேங்குதே, செம்பி!”

செம்பி தரையோடு குனிந்தாள். பூச்சு வேலையை அவள் ஒரு விரற்கடை விடாமல் பார்த்திருந்தாள். வருகிறவர் கண் படும் உயரத்தில்தான் வரிச்சி களிமண்ணைத் தடிமனாக அப்பினாள். தரையோரத்தைப் புல்மெத்தை மறைத்துவிடும் என்று லேசாகத் தடவியிருந்தாள். செம்பி மெத்தையைப் பிய்த்தெறிந்து அங்கே பல்லை வைத்தாள்.

“புல்லைப் பாம்பு வர்ற வழியில் திணிங்க! சீக்கிரம்!”

கருவாலன் அள்ளி அள்ளித் திணித்தான். சாரை அதை முட்டிக்கொண்டே நெருங்கியது. செம்பியின் வாயில் ரத்தம். ஒரு பல் முறிந்தது. குட்டிகள் கீச்கீச்சென்று அவள் காலடியில் ஒண்டின.

பூச்சு பெயர்ந்ததும் செம்பி பின்வழிக்குள் நுழைந்து வெளிமுனையை முட்டினாள். பொலபொலவென்று மண் சரிந்தது. வெளிச்சம்!

குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். “அக்கா, நீங்க போங்க!” வரிச்சிக்குப் பின்னால் செம்பியும் பாய்ந்தாள். கடைசியாக வந்த கருவாலனின் பாதி வால் சாரையின் வாயிலேயே போயிற்று. அவன் பின்னால் மண் மீண்டும் சரிந்து வழியை அடைத்தது.

தாழம்புதருக்குள் நின்று செம்பி எண்ணினாள். ஐந்தும் இருந்தன.

வரிச்சிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “ஏம்மா, அன்னைக்கே கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேன் அக்கா. நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

வரிச்சி தலையைக் குனிந்துகொண்டாள். கருவாலன் புதரடி மண்ணை முகர்ந்து பார்த்தான். தோண்டக் காலை வைத்தவன், நின்று திரும்பினான்.

“பின்வழி எந்தப் பக்கம் வரட்டும், செம்பி?”

ஒரு வீட்டை அழகுபடுத்தும் முன், அதில் குடியிருப்பவர்கள் எதற்கு அஞ்சி வாழ்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.