வாசலுக்குப் போன பூக்கள்

எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவருக்கே அது மறந்துவிட்டது. மார்கழி மாதம் என்பது மட்டும் நிச்சயம். பூசணிப் பூ இல்லாமல் இந்தக் கதையே கிடையாது.

அந்த ஊரில் தில்லைநாயகம் என்று ஒருவர். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு குரு உண்டு, குளத்தங்கரை மடத்தில் இருக்கும் மீனலோசனி அம்மாள். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்து மூன்று.

"நரைச்ச தாடி போய்க் கறுத்த தலைகிட்ட பாடம் கேக்குது" என்று ஊரில் சிரிப்பார்கள். தில்லைநாயகமும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்குப் போய்விடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை கையில் ஒரு கைக்குட்டை மூட்டையோடு போனார். அவிழ்த்தால், உள்ளே நெல்லிக்காய் அளவில் ஒரு பூசணிப் பிஞ்சு. மஞ்சளாகி, வெம்பி, சுருங்கிக் கிடந்தது.

"பதினோராவது, அம்மா."

"என்ன பதினோராவது?"

"விழுந்தது. கொடியைப் பார்த்தா யானை படுத்த மாதிரி இருக்கு. இலை ஒவ்வொண்ணும் முறம். பிஞ்சு மட்டும் நாலாம் நாள் வெம்பி விழுந்துடுது."

"என்ன பண்ணிப் பார்த்தீங்க?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. புளிச்ச மோர் தெளிச்சேன். சாம்பல் தூவினேன். வேப்பம்புண்ணாக்கு வெச்சேன். என் சம்சாரம் வேதவல்லி திருஷ்டிக்குன்னு பழைய செருப்பைக் கட்டித் தொங்க விட்டா."

"செருப்பாவது நின்னுதா?"

"அதுவும் விழுந்துடுச்சு."

அம்மாள் சிரித்துவிட்டார். தில்லைநாயகம் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெறும் கூட்டுக்குன்னா நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். தை மாசம் சின்ன மருமகளுக்கு வளைகாப்பு. இந்த நேரத்தில வீட்டுக் கொடியில பிஞ்சு நிக்கலைன்னா… வேதவல்லி ரொம்பப் பயந்து கிடக்கா. மூணாவது பிஞ்சு விழுந்தப்பவே பெரியவளைக் கொல்லைப் பக்கம் கால் வைக்காதேன்னுட்டா."

"பெரியவ யாரு?"

"மூத்த மருமக. கோமதி. கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை."

அம்மாள் பிஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல பஸ்ஸில அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பறோம். வளைகாப்பு முடியற வரைக்கும்தான். விசேஷத்துக்கு வர்ற நாலு பேர் வாய் சும்மா இருக்குமா? அவளுக்கும்தானே சங்கடம்."

"போறேன்னு அவளே கேட்டாளா?"

தில்லைநாயகம் கைக்குட்டையை மடித்தார். பிறகு மடித்ததையே பிரித்தார்.

"கேக்கலை. சரின்னா."

"காலைல வந்து கொடியைப் பார்க்கறேன்" என்றார் அம்மாள்.

மறுநாள் அம்மாள் வரும்போது அப்போதுதான் பொழுது புலர்ந்திருந்தது. தெரு முழுக்கக் கோலம். ஒவ்வொரு கோலத்தின் நடுவிலும் ஒரு சாணி உருண்டை, அதன் தலையில் பளிச்சென்று ஒரு பூசணிப் பூ. தில்லைநாயகம் வாசலில் காத்திருந்தார். அம்மாளின் பார்வை போன இடமெல்லாம் அவர் பார்வையும் போயிற்று.

"ஒன்பது வாசல், அம்மா. ஒன்பதுக்கும் நம்ம கொடிப் பூதான்."

"யார் பறிக்கறது?"

"நானேதான். இருட்டு பிரியும்போதே எழுந்துடுவேன்." அவர் குரலில் வகுப்பறை வந்துவிட்டது. "கண்டபடி பறிக்க மாட்டேன். பூவுக்கு அடியில குட்டிக் காய் இருந்தா தொடவே மாட்டேன். வெறும் காம்பு மட்டும் இருக்கிற வெத்துப் பூவாப் பார்த்துத்தான் பறிப்பேன். அதுதான் எப்படியும் காய்க்கப் போறதில்லையே."

"ஒண்ணு விடாமலா?"

"ஒண்ணு விடாம."

உள்ளே நடையில் துணிப்பை ஒன்று கட்டி வைத்திருந்தது. அதன் பக்கத்தில் கோமதி, ஊருக்குப் போகும் புடவையில். அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டாள். கொல்லைக்குப் போனவர்கள் பின்னாலேயே வந்தவள், கொல்லைப் படியோடு நின்றுவிட்டாள்.

கொடி நிஜமாகவே யானைதான். துணி துவைக்கும் கல்லை மூடி, குளியலறைக் கூரைமேல் ஏறியிருந்தது. அத்தனை பசுமையில் ஒரே ஒரு பூ மலர்ந்திருந்தது. அதன் அடியில் குட்டிப் பிஞ்சு. தேனீ ஒன்று அந்தப் பூவுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது.

"வெறுங்கையோட வந்துட்டு வெறுங்கையோட போகுது பாவம்" என்றார் அம்மாள். "இந்த வீட்டில பூசணி வெள்ளாமை தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

படிக்கு அந்தப் பக்கமிருந்து கோமதியின் குரல் வந்தது.

"எங்க அப்பா போடுவாங்கம்மா. வெத்துப் பூவைப் பறிக்கவே விட மாட்டாங்க. பத்து இருந்தா ரெண்டு பறிச்சுக்கோன்னுவாங்க. அந்தப் பூவில இருக்கிற மஞ்சப் பொடி இந்தப் பூவில ஒட்டினாத்தான் பிஞ்சு நிக்கும்."

தில்லைநாயகம் திரும்பினார். "ஏம்மா, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் மாமா. மார்கழி ரெண்டாம் தேதி. நான் வாத்தியாரா நீ வாத்தியாரான்னு கேட்டீங்க."

அவருக்கு அந்தக் காலை நினைவு வந்தது. கையில் கூடையோடு, சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார்.

அம்மாள் விறுவிறுவென்று வீட்டைக் கடந்து வாசலுக்குப் போனார். குனிந்தார். சாணி உருண்டையின் தலையில் இருந்த பூவைப் பிடுங்கினார்.

"ஐயையோ, பிள்ளையாருக்கு வெச்ச பூவாச்சே!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"அவருக்கு மிச்சம் எட்டு வாசல் இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மாள் கொல்லைக்குத் திரும்பினார். நடந்துகொண்டே இதழ்களைக் கிழித்துப் போட்டார். நடுவில் மஞ்சள் பொடி அப்பிய தண்டு மட்டும் நின்றது. அதைக் கோமதியிடம் நீட்டினார்.

"வாம்மா. நீ தடவு."

அடுக்களையிலிருந்து வேதவல்லி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"அவ கையாலயா? வேண்டாம்மா, வேண்டாம். இருங்க, சின்னவளைக் கூப்பிடறேன்."

யாரும் அசையவில்லை. கோமதியின் கால் படிக்கு உள்ளேயே இருந்தது. இந்தப் பிஞ்சும் விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று தில்லைநாயகத்துக்குப் புரிந்தது. ராசியில்லாதவள் என்ற பேர் அவளுக்கு ஆயுசுக்கும் நின்றுவிடும். அவளுக்கும் அது புரிந்திருந்தது.

"விழுந்துட்டா என்னம்மா பண்றது?" என்று கேட்டாள்.

"என் பேரைச் சொல்லிடு. தடவச் சொன்னவ நான்தானே."

கோமதி அத்தையைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"வாம்மா கோமதி" என்றார் தில்லைநாயகம். குரல் பாதிதான் வந்தது. அந்தப் பாதியே அவளுக்குப் போதுமாயிருந்தது.

படியைத் தாண்டி வந்தாள். தண்டை வாங்கினாள். மலர்ந்த பூவின் நடுவில் வைத்து மெல்ல மூன்று சுற்றுத் தடவினாள். பிறகு இதழ்களைக் குவித்து, வாழை நாரால் லேசாக ஒரு கட்டுப் போட்டாள். தெரிந்த கை செய்கிற வேலை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் வேதவல்லி, யாரையும் பார்க்காமல்.

"தடவினவ ஒரு வாரமாவது கூட இருக்க வேண்டாமா?" என்றார் அம்மாள்.

வேதவல்லி கரண்டியோடு அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். கோமதி ஊருக்குப் போகவில்லை. ஆனால் பையையும் யாரும் பிரிக்கவில்லை. அது நடையிலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து தில்லைநாயகம் ஒரே ஒரு பூதான் பறித்தார். எட்டு வாசலிலிருந்தும் ஆள் வந்தது.

"என்ன வாத்தியாரே, எங்க வாசல் மேல என்ன கோபம்?"

"செம்பருத்தி வைங்கம்மா. பிள்ளையார் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று கொல்லையில் வேலை வந்துவிட்டது. வேதவல்லி காய்ந்த துணியை மறுபடி காயப்போடப் போனாள். சின்ன மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு காற்று வாங்கப் போனாள். தில்லைநாயகம் ஒரு நாளைக்கு ஆறு தடவை கை கழுவப் போனார். நாலாம் நாள் போயிற்று. ஐந்தாம் நாளும் போயிற்று. பிஞ்சு பச்சைப் பசேலென்று மினுமினுத்தது.

கோமதி மட்டும் போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தில்லைநாயகம் மடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

"நின்னுடுச்சும்மா! மாங்காய் அளவு ஆயிடுச்சு. பின்னாலேயே இன்னும் ரெண்டு."

"சந்தோஷம்."

"வேதவல்லியே பையை எடுத்து உள்ளே வெச்சுட்டா. எங்க பெரியவ கை ராசியான கைன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வர்றா. வளைகாப்புக்கு முதல் வளையல் கோமதிதான் போடணுமாம். எப்படி இருந்த வீடு எப்படி மாறிடுச்சு பாருங்க!"

அம்மாள் கீரைக்கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பிஞ்சு விழுந்திருந்தா, ஐயா?"

தில்லைநாயகம் ஒரு கீரைத் தண்டை எடுத்து விரலில் சுற்றினார்.

குளத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அம்மாள் பாதிக் கட்டை ஆய்ந்து முடித்திருந்தார். ஆறு நாளும் கோமதி ஏன் கொடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று தில்லைநாயகத்துக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்றும் தெரிந்தது.

எழுந்துகொண்டார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு. கோமதிகிட்ட பேசணும்."

"என்ன பேசப் போறீங்க?"

படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தெரியலைம்மா."

"அப்படியே போங்க" என்றார் அம்மாள். "முதல்ல அவ பேசட்டும்."