விழாத புள்ளி

“டீச்சர், புள்ளி விழமாட்டேங்குது” என்றார் இசக்கிராஜ்.

ரஹீமா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பாளையங்கோட்டையில், ஒரு மாடி அறையில், சர்க்யூட் போர்டு செய்யக் கற்றுக்கொடுப்பவர் அவர். இசக்கிராஜ் அவருடைய மாணவர். வயதில் மட்டும் இருபது வருடம் மூத்தவர்.

“எந்தப் புள்ளி?”

“மெய்யெழுத்துப் புள்ளி. தங்கச்சி அடிச்சா ‘நலம்’, ‘நலம’ ஆயிருது.”

பையிலிருந்து விசைப்பலகையை எடுத்து மேசையில் வைத்து, கணினியில் செருகினார். தங்கை பொற்கொடிக்காக அவரே செய்தது.

விபத்துக்குப் பிறகு பொற்கொடியின் இடது ஆட்காட்டி விரல் மடங்குவதில்லை. மாதக் கடைசியில் அவள் அச்சகத்தில் பிழையில்லாமல் ஒரு பக்கம் அடித்துக் காட்ட வேண்டும். தவறினால் அவள் நாற்காலியில் வேறு ஆள்.

“சுவிட்சை மாத்தினேன். போர்டையே மறுபடி வரைஞ்சேன். விசை மூடியைக் குழிவா 3டி பிரிண்டர்ல போட்டு, உப்புத்தாள்ல தேய்ச்சு, குழந்தை கன்னம் மாதிரி வச்சிருக்கேன். இங்க நான் அடிச்சா விழுது. வீட்டுல அவ அடிச்சா விழல.”

“போர்டுக்கு உங்க வீடு பிடிக்கல போல.”

இசக்கிராஜ் சிரிக்கவில்லை.

“புள்ளி எந்த விரலுக்கு?” என்றார் டீச்சர்.

“இடது ஆட்காட்டி.”

“அந்த விரலுக்கேவா?”

“தெரிஞ்சுதான் வச்சேன். புள்ளி இல்லாம ஒரு வரி உண்டா? அடிக்க அடிக்க விரல் பழகிரும். நான் விடமாட்டேன் டீச்சர்.”

“பொற்கொடி என்ன சொல்றா?”

“‘இன்னும் கொஞ்சம் சரி பண்ணுண்ணே’ங்கா. அதான் பண்ணிக்கிட்டே இருக்கேன்.”

டீச்சர் மேசை இழுப்பறையைத் துழாவினார். ஒரு ஐஸ்குச்சியும் டேப்பும் கிடைத்தன.

“கையை நீட்டுங்க அண்ணாச்சி.”

இடது ஆட்காட்டி விரலோடு குச்சியைச் சேர்த்து இறுக்கிச் சுற்றினார்.

“எனக்கெதுக்கு டீச்சர் மாவுக்கட்டு?”

“தங்கச்சி பேரை அடிங்க.”

இசக்கிராஜ் அடித்தார்.

விறைத்த விரல், வழவழப்பான மூடியில் பட்டு வழுக்கியது. திரையில்:

பொறகொடி

“போர்டுலதான்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

மறுபடி அடித்தார்.

பொறகொடி

இந்த முறை தோளைச் சாய்த்து, முழங்கையைத் தூக்கி, பலம் கொண்டமட்டும் அழுத்தினார். புள்ளி விழுந்தது. கூடவே பக்கத்து எழுத்தும் விழுந்தது. வலி மணிக்கட்டு வரை ஓடியது.

புதுப் பலகை கொண்டுபோகும் போதெல்லாம், “ரொம்ப அழகா இருக்குண்ணே” என்பாள் பொற்கொடி. சொல்லிக்கொண்டே இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்வாள்.

இசக்கிராஜ் மவுஸைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

திரையில் போர்டு வரைபடத்தைத் திறந்தார். வலது கையால் புள்ளி விசையைப் பிடித்தார். இருந்த இடத்திலிருந்து கிளப்பி, கீழே, கட்டைவிரல் வந்து படுகிற இடத்துக்கு நகர்த்தினார். இடது கையை மேசைமேல் வைத்து, கட்டைவிரல் அங்கே எட்டுகிறதா என்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார்.

“கட்டைப் பிரிச்சிரவா அண்ணாச்சி?”

“இருக்கட்டும் டீச்சர். போர்டு முடியட்டும்.”