உப்பு இல்லாத ஒரு வாக்கியம்

"மழை எப்ப வரும்னு மட்டும் சொல்லிக்குடுங்கம்மா. வேற ஞானம் எதுவும் எனக்கு வேண்டாம்" என்றான் வேதையன்.

வேதையன் உப்பளத்துக்காரன். போன வருஷம் கோடை மழையில் அவன் குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்து கடலுக்கே போய்விட்டது. இந்த வருஷமும் போனால் பாத்திகளை விட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

ஊருக்கு வெளியே மணல்மேட்டில் ஒரு சின்ன மடம். அங்கே வானம் பார்க்கக் கற்றுத் தந்தவர் செங்கமலத்தம்மாள். வேதையனைவிடப் பத்து வயது இளையவர். அதில் அவனுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்று காலம் தள்ளியவன் கூச்சம் பார்த்தால் முடியுமா?

"தினமும் சாயங்காலம் வாங்க" என்றார் அம்மாள். "வானத்தைப் பத்தி ஒரு வாக்கியம் சொல்லுங்க. அதுல உப்பு வரக்கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்படி ஒரு வாக்கியம் வந்துட்டா மத்ததைச் சொல்லித் தர்றேன்."

இது என்ன பிரமாதம் என்று வேதையன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் வந்தான். "இன்னிக்கு மேகமே இல்லைங்கம்மா. உப்பு நல்லா விளையும்."

"நாளைக்கு வாங்க" என்றார் அம்மாள்.

அடுத்த நாள், "கடல்காத்து மத்தியானத்தோட நின்னுபோச்சு. உப்பு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இன்னொரு நாள் இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பெருமையாகச் சொன்னான். "நட்சத்திரம் கொட்டிக் கிடக்குதும்மா. அள்ளிக் குவிச்சிடலாம் போல."

"எதை மாதிரி?"

வேதையன் எழுந்து செருப்பை மாட்டினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"உங்களுக்கு இந்தப் பைத்தியம் எப்படிம்மா பிடிச்சுது?"

"சின்ன வயசுல இடின்னா பயம். கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவேன். அடுத்த இடி எப்பன்னு தெரிஞ்சிட்டா பயப்பட வேண்டாமேன்னு ஒருநாள் வெளியே வந்து பார்த்தேன்."

"தெரிஞ்சுதா?"

"இல்லை. பயம் போயிடுச்சு. பார்க்கிறது போகலை."

அதற்கப்புறம் சித்திரைக் கடைசியில் ஒருநாள் மழை பெய்தது.

மறுநாள் காலையில் மடத்துக்கு வந்தது வேதையன் அல்ல, அவன் பெண்டாட்டி பூரணம். பின்னாலேயே அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"உட்காருங்கக்கா" என்று அம்மாள் பாயைக் காட்டினார்.

"உட்கார வரலைம்மா. பாதி உப்பு போச்சு. மீதியையாவது காப்பாத்தணும். இனிமே இந்த மனுஷனை இங்க அனுப்ப மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? உப்பு அம்பாரத்து மேல தென்னங்கீற்றைப் போட்டு மூடணும். நான் அந்தப் பக்கம் கீற்று எடுக்க ஓடுறேன். இவரு வரப்பு மேல நின்னுகிட்டு வாயைப் பொளந்து மேல பார்க்கிறாரு. கேட்டா வாக்கியம் தேடுறாராம்."

வேதையன் மணலைப் பார்த்தான். அம்மாளின் முகம் வாடிவிட்டது. பாதி உப்பு என்றால் பாதி வருஷம் என்பது அவருக்குத் தெரியும். "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குக்கா" என்றார்.

பூரணம் சண்டைக்குத் தயாராக வந்தவள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மழை எப்படி வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார் அம்மாள்.

"எப்படி வரும், மழை மாதிரிதான் வந்துச்சு" என்றாள் பூரணம். பிறகு, "மேற்கேருந்து வந்துச்சு" என்றாள்.

அம்மாள் காத்திருந்தார்.

"முதல்ல புழுக்கம். ஒரு இலை ஆடலை. திடீர்னு குளுகுளுன்னு ஒரு காத்து முதுகுல பட்டுச்சு. திரும்பிப் பார்த்தா அந்தக் கடைசிப் பாத்தியில தண்ணி கறுத்துப்போச்சு. மேல இருக்கிற மேகம் அப்படியே கீழேயும் தெரியுதும்மா. அப்புறம் அடுத்த பாத்தி கறுக்குது. அப்புறம் அதுக்கு அடுத்தது. ஒவ்வொரு பாத்தியா தாண்டித் தாண்டி வருது. எங்களுக்குப் பக்கத்துப் பாத்தியில சடசடன்னு மழை. எங்க பாத்தியில வெயில். நடுவுல ஒரே ஒரு வரப்பு. எட்டிக் கையை நீட்டினேன். கை நனையுது, தலை காயுது. இத்தனை வருஷம் அங்கேயேதான் கிடக்கேன், இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை."

அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

வேதையன் தலையை நிமிர்த்தினான். அவள் சொன்னதில் ஓரிடத்திலும் உப்பு இல்லை. இன்னொன்றும் அவனுக்கு அப்போதுதான் தோன்றியது.

"பூரணம், அப்ப கீற்று?"

பூரணம் நீட்டிய கையைப் பார்த்தாள். மெல்லப் பாயில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு கையில இருந்துச்சு" என்றாள்.