கோயில் வாசலில் கேட்காத கேள்வி

கெட்டவர் ஒருவரும் இல்லாத கதை இது. ஆனாலும் இதில் ஒரு வாக்கு உடைகிறது. கவனமாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கடைசியில் உங்களைத்தான் பிடித்துக் கேட்பேன்.

அளவெட்டியில் பிறந்த ஜெயகௌரி போர்க்காலத்தில் அகதியாகக் கனடாவுக்குப் போனவள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கணவன் தயாபரன் வீடு வீடாகப் பொதிகள் கொண்டுபோய்க் கொடுப்பவன். அகதியாக வந்தவர் விட்டுவந்த நாட்டுக்கே திரும்பிப் போனால், கிடைத்த பாதுகாப்பு பறிபோகலாம் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். குடியுரிமை வந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஆக, பெற்ற தாயிடம் போவதற்கு அவளுக்கு இருந்த ஒரே வழி, அந்நிய நாட்டுக்காரியாக மாறுவது. விதிக்கும் குசும்பு உண்டு போலும்.

தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டாள். மூன்றாவதில் தேறினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து உறுதிமொழி எடுக்கச் சொல்லி அழைப்பு வந்தது. ஆங்கிலத்தில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை சொல்லவேண்டும். பிரெஞ்சு வாய்க்குள் நுழைவேனா என்றது. புட்டு அவியும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகினாள். தொலைபேசியில் அம்மாவுக்கும் சொல்லிக் காட்டினாள்.

"என்னடி, ஐயர் மந்திரம் சொல்லுறமாதிரிக் கிடக்கு," என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "கெதியா வா, பிள்ளை."

சீக்கிரம் வா என்ற அந்தக் 'கெதியா' கௌரியைத் தூங்கவிடவில்லை. அம்மாவின் கைச்சூடு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. திரையில் தெரியும் முகத்தைத் தடவித் தடவிக் கண்ணாடி அழுக்கானதுதான் மிச்சம்.

இங்கே ஒரு பழைய காயத்தைச் சொல்லவேண்டும். அப்பா இறந்தபோது, பிள்ளை தனியாகக் கிடந்து துடிப்பாளே என்று, எல்லாக் காரியமும் முடிந்த பிறகுதான் கௌரிக்குச் சொன்னார்கள். அதை அவள் மன்னிக்கவே இல்லை. "அப்பா எரிஞ்சுகொண்டிருக்கேக்கை நான் பிறந்தநாள் வீட்டிலை கேக் திண்டுகொண்டு நிண்டிருக்கிறன், அண்ணா. இனி எது நடந்தாலும் உடனை எனக்குச் சொல்லோணும். சத்தியம் பண்ணு!" ஊரில் இருந்த அண்ணன் கேதீஸ்வரன் அழுதுகொண்டே சத்தியம் செய்தான்.

அதே அண்ணனின் கையைத்தான், உறுதிமொழி நாள் நெருங்கியபோது, படுக்கையிலிருந்த அம்மா பிடித்தாள். "அவள் அந்த மந்திரத்தைச் சொல்லி முடிக்குமட்டும் என்ரை கதையை அவளிட்டைச் சொல்லப்படாது. நான் இருந்தாலென்ன, இல்லாட்டிலென்ன, பிள்ளை வீட்டுக்கு வரோணும். எனக்கு வாக்குத் தா." சாகக் கிடப்பவளிடம் மாட்டேன் என்று எவனால் சொல்ல முடியும்? கொடுத்தான்.

கனடாவில் வியாழக்கிழமை மாலை. வேலையில் நின்ற தயாபரனுக்குக் கேதீஸ்வரனிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா, மச்சான். கௌரிக்கு என்ரை வாயாலை சொல்லேலாது. இனி நீங்கள் பாருங்கோ."

தயாபரன் பார்த்தான். சொன்னால் அவள் மண்டபத்துக்கு வரமாட்டாள். போகாமல் விட்டால் அடுத்த அழைப்பு எப்போது வருமோ, யார் கண்டது. வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டான்.

வெள்ளி காலை, போகும் வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்றாள் கௌரி. "வரேக்கை போவம்," என்றான். அவள் விடவில்லை. பிள்ளையாரைக் கண்டால் தலையில் குட்டிக் கும்பிடாமல் நகராதவன், அன்று காரைவிட்டே இறங்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தபோது ஓடிவந்து கையைப் பிடித்தான். வாய்ப்பூட்டுப் போட முடிந்தவனுக்கு, சாவுத் தீட்டான துடக்கோடு அவளைக் கோயிலுக்குள் விட மனம் வரவில்லை.

"உள்ளுக்குப் போகாதையும். நேரம் போட்டுது."

நேரம் நிறையவே இருந்தது. கௌரி அவன் முகத்தைப் பார்த்தாள். துடக்குக்காரர் கோயில் படி ஏறுவதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? யாருடைய சாவால் வந்த துடக்கு என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் அந்த இடத்திலேயே உடைந்து கொட்டியிருப்பான். உடனே ஊருக்கு அழைத்திருந்தால், கொள்ளி வைக்குமுன் அம்மாவின் முகத்தைத் திரையிலாவது பார்த்திருக்கலாம். தேங்காயைப் படியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"வாங்கோ, போவம்."

மண்டபத்தில் வலக்கையை உயர்த்தினாள். பிரெஞ்சு தடுமாறவில்லை. கண்ணீர் வழிந்தது; சந்தோஷம் என்று நினைத்த பக்கத்துப் பெண் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சான்றிதழ் கைக்கு வந்ததும் தயாபரனிடம் வந்தாள்.

"அம்மா எப்ப போனவ?"

அண்ணன் தங்கைக்குச் செய்த சத்தியத்தை மீறி வாய் திறக்காமல் இருந்தான். கணவன் தெரிந்தும் மறைத்தான். மகளோ, தாய் போய்விட்டாள் என்று உணர்ந்தும் வேறொரு நாட்டுக்கு உறுதிமொழி சொல்லிக்கொண்டு நின்றாள். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி? உடைந்த வாக்கின் பழி யாருக்கு?

விடை: வாக்கு என்பது அதை வாங்கியவரின் சொத்து, வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க அவரால்தான் முடியும். இறந்த தாய் இனி யாரையும் விடுவிக்க முடியாது. உயிரோடிருக்கும் தங்கையால் முடியும். அதனால் அண்ணன் தாயின் பக்கம் நின்றது சரி. கணவன் அவளைப் படியில் மறித்தானே, அந்த மறிப்பே அவளுக்குச் சேதி சொல்லிவிட்டது; அந்த இடத்தில் மறைத்ததற்கும் பரிகாரம் செய்துவிட்டான். கௌரி கேள்வியை விழுங்கிய கணத்தில் அண்ணனின் சத்தியத்தை அவளே அவிழ்த்துவிட்டாள். ஆகவே பழி யாருக்கும் இல்லை. ஆனால் அதற்கான விலை முழுவதையும் அவள் ஒருத்திதான் கொடுத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக் கடற்கரையில் நிற்கவேண்டும் என்று புதிய கடவுச்சீட்டோடு விமானம் ஏறினாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றாள். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஆங்கிலமும் பிரெஞ்சும் பழகிய வாயில் தமிழ்தான் வந்தது.

"அம்மாட்டைப் போறன்," என்றாள்.